ஓடும் அழகியும் ஓடாத ராணியும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரின் படித்துறையிலிருந்து ‘பெல் ஆஃப் லூயிவில்’ (லூயிவில் அழகி) என்ற நீராவிப் படகு கிளம்பியபோது, என்னுடன் ஏறியவர்களில் பெரும்பாலோர் காற்று வாங்கவும் படம் எடுக்கவும் மேல்தளத்துக்குப் போனார்கள். நான் கீழ்த்தளத்தில், பின்பக்கத்து இயந்திர அறையின் வாசலிலேயே நின்றுவிட்டேன். பயணம் முடியும்வரை அங்கிருந்து நகர மனம் வரவில்லை. எண்ணெயும் ஈரச் சூடும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. படகின் இரு ஓரங்களிலும் கிடையாகப் படுத்திருந்த இரண்டு சிலிண்டர்கள் மாறிமாறி மூச்சு விட, அவற்றிலிருந்து புறப்பட்ட நீண்ட தண்டுகள் பின்னால் இருந்த செந்நிறச் சக்கரத்தைத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தன. இயந்திரப் பொறியாளர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து போய், ஓடிக்கொண்டிருக்கும் தண்டின் தாங்கியின்மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுப்பார். சூடு அளவோடு இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. காய்ச்சல்கார குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலவே இருந்தது. அன்றிலிருந்து, பழைய நீராவிப் படகு ஒன்றைப் பாதுகாப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. எதைக் காப்பாற்றினால் படகைக் காப்பாற்றியதாகும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

கடல் கப்பலைப் போல அடியாழத்தில் இயந்திரத்தை வைத்துக் கட்டும் வழக்கம் மிசிசிப்பி, ஒஹையோ ஆறுகளின் படகுகளுக்கு இல்லை. அந்த ஆறுகளில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கிவிடும். எனவே படகின் அடிப்பகுதியைத் தட்டையாக, ஆழம் குறைவாகக் கட்டி, கொதிகலனையும் இயந்திரத்தையும் நீர்மட்டத்துக்கு மேலே இருந்த முதல் தளத்திலேயே அமைத்தார்கள். பெல் படகு மிதப்பதற்கு ஏறத்தாழ ஐந்தடித் தண்ணீர் போதும். இப்படித் தட்டையாகவும் நீளமாகவும் கட்டப்பட்ட உடல் முன்னும் பின்னும் தொங்கி நடுவில் முதுகு வளைந்துவிடாமல் இருக்க, படகின் நீளவாக்கில் தூண்களுக்கு மேலாக இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றைத் திருகி முறுக்கேற்றிக்கொள்வார்கள். ஆக, நீராவிப் படகு என்பது வீணையின் தந்தியைப் போல ஓயாமல் முறுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு பொருள். அதை நிறுத்தி வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

பெல் 1914-இல் பிட்ஸ்பர்க்கில் ‘ஐடில்வைல்ட்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. மெம்ஃபிஸ் நகருக்கும் எதிர்க்கரைக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்றது; பஞ்சும் மரமும் தானியமும் சுமந்தது; இரண்டாம் உலகப் போரின்போது எண்ணெய்த் தோணிகளைத் தள்ளிச் சென்றது. 1948-இல் ‘அவலான்’ என்று பெயர் மாறி ஊர் ஊராகச் சென்று உல்லாசப் பயணிகளை ஏற்றியது. 1962-இல் சிதைந்த நிலையில் சின்சினாட்டியில் ஏலத்துக்கு வந்தபோது, லூயிவில் அமைந்திருக்கும் ஜெஃபர்சன் மாவட்டத்தின் அன்றைய நிர்வாகத் தலைவர் மார்லோ குக் 34,000 டாலருக்கு அதை எடுத்தார். வரிப்பணத்தில் ஓட்டைப் படகா என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் மறு ஆண்டு ஏப்ரல் மாதமே அந்த ஓட்டைப் படகு புதுப்பெயருடன் ஆற்றில் இறங்கிப் பந்தயம் ஓடியது. எதிரே நின்றது ‘டெல்டா குவீன்’ என்ற மற்றொரு நீராவிப் படகு; அதுதான் நான் சொல்லும் ராணி. முதல் பந்தயத்தில் ராணிதான் வென்றாள். அதன்பின் 2008 வரை ஆண்டுதோறும் லூயிவிலின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய வாரத்தில் இருவரும் மோதிக்கொண்டார்கள். வென்ற படகுக்குப் பொன்முலாம் பூசிய மான்கொம்பு கிடைக்கும். 2008-க்குப் பிறகு ராணி வரவில்லை. வர முடியாமல் போன கதையைத்தான் எழுத நினைத்தேன். அழகியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குத் தடம் மாறிவிடுகிறது.

டெல்டா குவீனும் அதன் இரட்டையான ‘டெல்டா கிங்’கும் கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் இடையே இரவுப் பயணம் செய்வதற்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் எஃகு உடலுக்கான பாகங்கள் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் உருவாகி, கப்பலேறிக் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்கு வந்து பொருத்தப்பட்டன. 1927-இல் இரண்டும் ஓடத் தொடங்கின. எஃகு உடலின்மேல் நான்கு தளங்களும் மரத்தால் எழுந்தன. ஓக், தேக்கு, மகோகனி என்று பார்த்துப் பார்த்து இழைத்த வேலைப்பாடு, நிறக்கண்ணாடிச் சாளரங்கள், பித்தளைக் கைப்பிடிச் சுவருடன் கூடிய பெரிய படிக்கட்டு என்று எதிலும் குறை வைக்கவில்லை. தரைச்சாலைகள் வந்ததும் இரவுப் படகில் போவோர் குறைந்தனர்; 1940-இல் சேவை நின்றது. போர்க்காலத்தில் கடற்படை இரண்டையும் எடுத்துக்கொண்டு சாம்பல்நிறம் அடித்தது. காயமடைந்த வீரர்களைக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பணியும் ராணிக்கு வாய்த்தது.

போர் முடிந்து அரசு ஏலம் விட்டபோது, சின்சினாட்டியில் நீராவிப் படகுகள் நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த டாம் கிரீன் 46,250 டாலருக்கு டெல்டா குவீனை வாங்கினார். விலை மலிவுதான், ஆனால் சரக்கு நாட்டின் மேற்குக் கடற்கரையில் கிடந்தது, ஓட வேண்டிய ஆறோ நடுநாட்டில் இருந்தது. ஆற்றுப் படகு கடலில் போகக் கட்டப்பட்டதல்ல. அலை ஒன்று சாளரத்தை உடைத்து உள்ளே புகுந்தால் கதை முடிந்துவிடும். எனவே கீழ்த்தளங்களைச் சுற்றிலும் பலகை அடித்து, முழுப் படகையும் ஒரு மரப்பெட்டி போல ஆக்கி, 1947-இல் இழுவைக் கப்பலின் பின்னே கட்டி, பசிபிக் கரையோரமாகத் தெற்கே இறக்கி, பனாமாக் கால்வாய் வழியாக நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வேலையை மேற்பார்த்தவர் கேப்டன் ஃபிரெடெரிக் வே. பிறகு மிசிசிப்பியிலும் ஒஹையோவிலும் ஏறிப் பிட்ஸ்பர்க் வரை போய்ச் செப்பனிட்டுக்கொண்டு, 1948 ஜூன் மாத இறுதியில் சின்சினாட்டியிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. வாங்கியதைவிடப் பல மடங்கு செலவு செப்பனிடுவதில் போயிற்று. பழம்பொருள் வாங்குபவர்களுக்கு இது புதிதல்ல. விலைச்சீட்டில் எழுதியிருப்பது முன்பணம் மட்டுமே.

டாம் கிரீன் 1950-இல் இறந்தார். அவர் மனைவி லீத்தா கிரீன் கடனுக்கும் கணக்குக்கும் நடுவே நிறுவனத்தை விடாப்பிடியாக நடத்தினார். அப்படி ஒருவாறு தாக்குப்பிடித்து வந்தபோது, ராணி ஒருநாளும் பார்த்திராத கடற்பரப்பிலிருந்து ஆபத்து வந்தது. 1965 நவம்பர் 13 அன்று, மயாமியிலிருந்து பஹாமா தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ‘யார்மவுத் காசில்’ என்ற பயணிகள் கப்பல் நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றி எரிந்து மூழ்கியது. 90 பேர் மாண்டனர். உட்கட்டுமானத்தில் ஏராளமான மரம், அதன்மேல் பல்லாண்டுகளாக அடுக்கடுக்காகப் பூசிய வண்ணம். தீ பரவ வேறென்ன வேண்டும்? அந்தக் கப்பலும் 1927-இல் கட்டப்பட்டதுதான். மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது: இரவு தங்கும் பயணிகள் ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் கப்பல்கள் எளிதில் தீப்பற்றாத பொருளால் கட்டப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தவை கடல் கப்பல்களே. ஆனால் இரவு தங்கும் பயணிகளுடன் ஓடிய ஒரு மர நீராவிப் படகும் அந்த வலையில் மாட்டிக்கொண்டது. பெல் தப்பித்ததற்குக் காரணம் எளிது. அது ஏற்றிய பயணிகளை அன்றே இறக்கிவிடும் படகு; அதில் யாரும் தூங்குவதில்லை.

இந்த இடத்தில் படகுப் பிரியர்களோடு நான் முரண்படுகிறேன். அவர்களுடைய வாதம் பழகிப்போன ஒன்று: ஆற்றில் கரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தீப்பிடித்தால் கரைக்கு ஒதுக்கிவிடலாம், கடல் விதியை ஆற்றுக்கு ஏன் கொண்டுவருகிறீர்கள்? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 1904 ஜூன் 15 அன்று நியூயார்க் நகரின் கிழக்கு ஆற்றில் ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற துடுப்புச் சக்கரப் படகு எரிந்தபோது இருபுறமும் நகரமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைக்கும் குழாய்கள் மக்கிக் கிழிந்தன. உயிர்காப்புச் சட்டைகள் உளுத்துப்போயிருந்தன. அதற்கும் முன்பு, 1865 ஏப்ரலில் மெம்ஃபிஸ் அருகே, கசிந்த கொதிகலனுக்கு அவசர ஒட்டுப் போட்டுக்கொண்டு, 376 பேருக்கான இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ‘சுல்தானா’ வெடித்துச் சிதறியது. நீராவிப் படகின் பொற்காலம் என்று நாம் சிலாகிக்கும் காலத்தின் கணக்கில் இவையும் உண்டு. கரை அருகில் இருப்பது ஆறுதல் மட்டுமே. தீயைத் தடுக்க, நீர்தெளிப்பான், இரவு ரோந்து, பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவை வேண்டும். டெல்டா குவீனில் இவை இருந்தன என்பதும், இத்தனை ஆண்டுகளில் அதில் தீயால் ஒரு பயணியும் இறக்கவில்லை என்பதும் வலுவான வாதங்கள். கரைப் பேச்சு அல்ல.

அந்தச் சட்டத்திலிருந்து ராணிக்கு விலக்கு வேண்டி நடந்த போராட்டம் சுவையானது. அதுவரை கிடைத்திருந்த தற்காலிக விலக்கு 1970 இலையுதிர் காலத்தில் முடியவிருந்ததால், படகு விடைபெறும் பயணம் என்று அறிவித்துக்கொண்டு மிசிசிப்பியில் இறங்கியது. நிறுவனத்தின் மக்கள்தொடர்புப் பொறுப்பில் இருந்த பெட்டி பிளேக் என்ற பெண்மணி ஒவ்வொரு ஊரிலும் நாளிதழ்களையும் மக்கள் பிரதிநிதிகளையும் விடாமல் துரத்தினார். ஊர்தோறும் கூட்டம் கரையில் நின்று கையசைத்தது. கடிதங்கள் வாஷிங்டனில் குவிந்தன. அந்த ஆண்டு இறுதியில் விலக்கு கிடைத்தது. அதே ஆண்டில் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் படகின் பெயர் ஏறியது. 1979-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் குடும்பத்தோடு செயின்ட் பாலிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை அதில் பயணம் செய்தார். 1989-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உயரிய தகுதியும் வந்தது. பெல்லுக்கும் அதே ஆண்டில்தான் அந்தத் தகுதி. ஆனால் வரலாற்றுச் சின்னம் என்ற பட்டயம் ஒரு படகுக்கு ஓடும் உரிமையைத் தருவதில்லை. அதற்குக் கடலோரக் காவல்படையின் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழுக்கு அவ்வப்போது புதுப்பிக்கப்படும் விலக்கு வேண்டும். 2008 நவம்பரில் அந்தச் சங்கிலி அறுந்தது. கீழவையின் போக்குவரத்துக் குழுத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஓபர்ஸ்டார் தீ ஆபத்தைக் காரணம் காட்டி நீட்டிப்பை எதிர்த்தார், விலக்கு காலாவதியாயிற்று.

அதன்பிறகு சில ஆண்டுகள் டென்னசி ஆற்றங்கரையில் சட்டனூகா நகரில் விடுதியாகக் கட்டிப்போடப்பட்டது. கரையோடு கட்டிய படகில் தூங்கச் சட்டம் தடையாக இல்லை. 2015-இல் லூசியானாவின் ஹூமாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 2018 டிசம்பரில் மறுபடியும் விலக்கு வந்தது, 2028 வரை. இம்முறை அதில் ஒரு நிபந்தனை: மேற்கட்டுமானத்தில் எரியக்கூடிய பகுதியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டை எரியாத பொருளுக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். என்னைப் பொறுத்தவரை இத்தனை ஆண்டுச் சண்டையில் வந்த ஒரே அறிவுள்ள யோசனை இதுதான். விலக்கு வேண்டும் என்பவர்கள் எதையும் தொடாதே என்றார்கள். கூடாது என்பவர்கள் ஓட்டாதே என்றார்கள். இந்த நிபந்தனை, தொட்டுக்கொண்டே ஓட்டு என்கிறது. ஆனால் அதற்கு முதலில் ஓட்ட வேண்டும். பணமும் முதலீடும் ஒன்று கூடாமல், ராணி இன்னும் நகரவில்லை.

நிறுத்திவைத்தால் தேய்மானம் இல்லையே, காப்பாற்றியதுபோலத்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நீராவிப் படகு ஓடும்போது தேய்வதைவிட நிற்கும்போது கெடுவது அதிகம். ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் எல்லா உராய்வுப் பரப்பிலும் படிந்திருக்கும். நிறுத்திய சில மாதங்களில் அது வடிந்து, சிலிண்டரின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பூக்கும். தண்டுகளைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் திரிகள் காய்ந்து இறுகும். கொதிகலனை முழுவதும் வடித்து உலர்த்தி, ஈரமுறிஞ்சி வைத்து மூட வேண்டும்; அல்லது மருந்து கலந்த நீரால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி நீர், பாதி காற்று என்று விட்டால் நீர்மட்டக் கோட்டிலேயே குழாய்கள் அரிக்கும். மேலே மரத்தின் எதிரி ஆறு அல்ல, மழை. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். மழைநீர் மூட்டுகளில் இறங்கி உட்கார்ந்து பூஞ்சைக்குச் சோறு போடும். அதனால்தான் தளங்களுக்குத் துணி ஒட்டி வண்ணம் பூசி, தண்ணீர் எங்கும் தேங்காதபடி லேசாக வளைத்துக் கட்டினார்கள். ஆட்கள் வாழும் படகில் கசிவை அன்றே யாராவது பார்த்துவிடுவார்கள். பூட்டிய படகில் கூரை ஓரத்தில் விழுந்த ஒரு சொட்டு மூன்று தளங்கள் இறங்கி எங்கேயோ ஓர் உத்தரத்தை மக்கச் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

இரட்டையான டெல்டா கிங்கைச் சாக்ரமெண்டோவில் ஓர் இரவு தங்கிப் பார்த்தேன். அதன் கதை இன்னும் கொடியது. 1950-களில் கனடாவின் கிட்டிமாட் என்ற இடத்தில் அலுமினிய ஆலைத் தொழிலாளர்களின் தங்குமிடமாகக் கிடந்தது. இயந்திரப் பாகங்கள் கழற்றப்பட்டு ராணிக்கு உதிரிகளாயின. 1981-இல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் நிறுத்தியிருந்த இடத்திலேயே மூழ்கி, மாதக்கணக்கில் சேற்றில் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி, சாக்ரமெண்டோவுக்கு இழுத்து வந்து, 1989-இல் விடுதியாகத் திறந்தார்கள். மர வேலைப்பாடு மிகச் சிறப்பாக மீட்கப்பட்டிருக்கிறது. குறை சொல்ல மனம் வராது. ஆனால் இரவு கட்டிலில் படுத்துக் காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம்தான் கேட்டது. பின்பக்கச் சக்கரத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றவைக்க உள்ளே எதுவும் இல்லை. மூழ்கியதை மீட்டவர்களை நான் வணங்குகிறேன். ஆனாலும் அது படகு வடிவில் இருக்கும் ஒரு நல்ல வீடு.

இதற்கு நேரெதிர், நியூ ஆர்லியன்ஸில் ஓடும் ‘நேச்சஸ்’. அதன் உடல் 1975-இல் எஃகால் புதிதாகக் கட்டியது. ஆனால் உள்ளே இருக்கும் நீராவி இயந்திரங்கள் 1925-இல் ‘கிளேர்ட்டன்’ என்ற இழுவைப் படகுக்காகச் செய்யப்பட்டவை. பழமைவாதிகள் இதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. பொம்மைப் படகு என்று சொன்னவரையும் சந்தித்திருக்கிறேன். பொம்மை என்ற சொல்லை, டீசல் விசையால் உந்தப்பட்டுக்கொண்டே பின்னால் ஒப்புக்கு ஒரு சக்கரத்தைச் சுழற்றும் உல்லாசப் படகுகளுக்கு வைத்துக்கொள்ளலாம், அவை ஏராளம். நேச்சஸின் இயந்திர அறையில் இன்றும் ஒருவர் நீராவித் திறப்பைக் கையால் திருப்பி, எண்ணெய்க் குவளையோடு சுற்றி வருகிறார். அவருக்குப் பின் வரும் இளைஞர் அதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

எனவே, ராணியின் மரத்தை ஆண்டுக்குப் பத்திலொரு பங்கு மாற்றினால் பத்தாண்டில் அது வேறு படகாகிவிடுமே என்ற கவலை எனக்கு இல்லை. பெல்லிலும் 1914-ஆம் ஆண்டுப் பலகை எத்தனை மிச்சம் என்று தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். தளங்கள், கொதிகலன், சக்கரத்தின் மரத்தட்டுகள் என்று எல்லாம் மாறி மாறி வந்திருக்கின்றன. சக்கரத்தட்டு தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டையில் மோதினால் உடையத்தான் செய்யும். உடைந்ததைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது படகின் பிறப்பிலிருந்தே உள்ள வேலை. மாற்றக்கூடாதவை என்று நான் ஒரு சிலவற்றையே சொல்வேன். ராணியின் பெரிய படிக்கட்டும் அதைச் சூழ்ந்த கூடமும் தீத்தடுப்புப் பூச்சோடும் தெளிப்பான்களோடும் அப்படியே நிற்க வேண்டும். பயணிகள் கண்ணில் படாத தடுப்புச் சுவர்களும் கூரை உட்புறங்களும் முதலில் மாறட்டும். 2,000 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கூட்டு இயந்திரத்தில், ஒரு பக்கத்துச் சிறிய சிலிண்டரில் வேலை செய்த நீராவி மறுபக்கத்துப் பெரிய சிலிண்டருக்குப் போய் மீண்டும் வேலை செய்யும். அதை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. கொதிகலனைப் பற்றி மட்டும் எந்த உணர்ச்சியும் வேண்டாம். சுல்தானாவுக்குப் பிறகும் பழைய கொதிகலனுக்கு ஒட்டுப்போடும் ஆசை ஒருவருக்கு வருமானால், அவரைப் படகுப் பக்கமே விடக்கூடாது.

லூயிவில் படித்துறைக்கு அன்று திரும்பி வந்தபோது மேல்தளத்தில் நீராவி இசைக்கருவியை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதன் பித்தளை ஊதல்கள் சூடேறச் சூடேறச் சுருதி நழுவும். அதைச் சரிசெய்ய முயலாமல் நழுவலோடே வாசிப்பதுதான் மரபு என்று எனக்குத் தோன்றியது. கீழே பொறியாளர் நீராவியை அடைத்தார். சிலிண்டர்களின் அடியில் இருந்த வடிகுழாய்களை ஒவ்வொன்றாகத் திறக்க, தேங்கிய நீர் சீறிக்கொண்டு வெளியேறியது. வெந்நீர் என் செருப்பில் தெறித்தது. அவர் கையைக் காட்டி என்னை ஓரடி பின்னால் போகச் சொன்னார். சக்கரம் உடனே நிற்கவில்லை. ஆற்றின் ஓட்டம் தட்டுகளைத் தள்ள, கால்வட்டம் தானாகவே சுற்றி, தண்டுகளை மெல்ல அசைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, மாலைப் பயணத்துக்காக எண்ணெய்க் குவளையை நிரப்பத் தொடங்கினார்.